வினைமுதலைக் காணோம்!

"தவறுகள் செய்யப்பட்டன!"

செய்யப்பட்டனவாம்! யாரால்? அதைக் கேட்காதீர்! வாசகம் அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

1987 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27 ஆம் நாள், அமெரிக்கக் காங்கிரசின் முன் நின்று அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகன் உதிர்த்த பொன்மொழி இது. ஆங்கிலத்தில் 'மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்பர். நடந்தது என்ன? அவருடைய ஆட்சியினர் ஈரானுக்குப் படைக்கலங்களை விற்றார்கள். விற்று வந்த பணத்தில் ஒரு பகுதியை நிகரகுவா நாட்டுக் கலகப்படையினரின் கைக்கு மாற்றினார்கள். அப்படையினருக்குப் போர் உதவி கூடாது என்று காங்கிரசு போட்டிருந்த தடையைக் காலடியில் போட்டு மிதித்தார்கள். பேரம் பேசியவர் உண்டு, பணத்தை எண்ணியவர் உண்டு, வெளியில் தெரிந்ததும் கோப்புகளைக் கிழித்துப் போட்டவரும் உண்டு. ஆனால் தவறு செய்தவர் மட்டும் இல்லை! மழை கண்ட மாலையில் புற்றிலிருந்து புறப்படும் ஈசலைப்போல், தவறுகள் தாமாகவே கிளம்பி, வெள்ளை மாளிகையின் விளக்கைச் சுற்றிவிட்டுப் போயினபோலும்!

ரீகன் இந்தக் கலையைக் கண்டுபிடித்தவர் அல்லர். 1876 இல், பதவி விட்டு இறங்கும் வேளையில், குடியரசுத் தலைவர் கிராண்ட் காங்கிரசுக்கு விடுத்த செய்தியிலேயே தவறுகள் 'செய்யப்பட்டிருக்கின்றன'. 1997 இல், தேர்தலுக்குப் பணம் திரட்டிய முறை பற்றிக் கேட்டபோது கிளிண்டனும் அதே வாசகத்தைத்தான் எடுத்து வீசினார். கட்சி வேறு, காலம் வேறு, கறை வேறு. வாசகம் மட்டும் வாழையடி வாழை!

வாசகத்தில் வெறும் இலக்கணந்தானே இருக்கிறது, இதில் சீறுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். ஆங்கிலம் நயத்தகு நாகரிக மொழி, அதில் பண்பாளர் அப்படித்தான் எழுதுவர் என்று நமக்குப் பாடம் நடத்துவோரும் உளர். அந்த நயத்தைத்தான் நாம் சற்று உரித்துப் பார்க்க விரும்புகிறோம்.

ஆங்கிலத்தில் செய்வினை வாக்கியம் ஒன்றை எழுதிப் பாருங்கள்: 'அதிகாரி உத்தரவை இட்டார்.' இதில் 'அதிகாரி' என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஆங்கில வாக்கியம் முடமாகிவிடும்; தலையில்லா உடல்; எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் கோடிடுவார். அதையே செயப்பாட்டுவினையாக்குங்கள்: 'உத்தரவு அதிகாரியால் இடப்பட்டது.' இப்போது 'அதிகாரியால்' என்பதை வெட்டி எறியலாம். வாக்கியத்துக்கு ஒரு கீறலும் இல்லை! 'உத்தரவு இடப்பட்டது.' இலக்கணம் நிறைந்து நிற்கிறது. ஆள் மட்டும் அகன்றுவிட்டான். குற்றவாளிக்குக் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, முன்வாசலில் கோலமும் போட்டுவைக்கும் இலக்கணம் அது.

நம் மொழியில் ஆள் அவ்வளவு எளிதில் தப்ப முடியாது. 'செய்தேன்', 'செய்தாய்', 'செய்தான்', 'செய்தார்கள்' என்று வினைச்சொல்லின் வாலிலேயே வினைமுதலின் அடையாளத்தைக் கட்டிவைத்தனர் தமிழர். எழுவாயை விட்டுவிட்டாலும் விகுதி காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கில இறந்தகால வினைக்கு அந்த வால் இல்லை. ஆகவேதான் அங்கே எழுவாய் இன்றியமையாதது. ஆகவேதான் அதை ஒளிக்க விரும்புவோருக்குச் செயப்பாட்டுவினை இன்றியமையாதது. நம்மவர் அதைப் பார்த்துப் படித்து, 'செய்வேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதத் தலைப்பட்டதும் வாலை அறுத்துப் போட்டார்கள். மனுவோடு நிற்கும் மூதாட்டி, யாரை நம்பி வீடு திரும்புவாள்? 'ஆவன' எவை, செய்பவர் எவர், என்றைக்கு? மூன்றும் மூடுபனி!

ஆங்கிலேயரிலேயே இதைக் கண்டு வெகுண்டவர் இல்லாமலில்லை. ஜார்ஜ் ஆர்வெல், 1946 இல் எழுதிய 'அரசியலும் ஆங்கில மொழியும்' என்ற கட்டுரையில், செய்வினை இயலும் இடத்தில் செயப்பாட்டுவினையைக் கையாளாதே என்று விதி வகுத்தார். ஆட்சியாளரின் கொடுமைகளை மழுப்புவதற்கே மங்கலான மொழி பிறக்கிறது என்பது அவர் வாதம். வாதம் வைரம், ஆனால் விதி? அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு செயப்பாட்டுவினை உட்கார்ந்திருக்கிறது! அமெரிக்கக் கல்லூரிகளில் வேதம்போல் ஓதப்படும் ஸ்ட்ரங்க், ஒயிட் இருவரின் நடைநூல், செயப்பாட்டுவினையைத் தவிர்க்கச் சொல்லி நான்கு எடுத்துக்காட்டுகள் தருகிறது. அவற்றுள் மூன்று செயப்பாட்டுவினையே அல்ல என்று மொழியறிஞர் ஜெப்ரி புல்லம் 2009 இல் எடுத்துக்காட்டிச் சிரித்தார். நாமும் சிரித்தோம். வேதம் எந்த நாட்டில் இருந்தாலும், எந்தப் பொருள் பற்றியதாக இருந்தாலும், ஓதுகிறவர் பொருள் பார்ப்பதில்லை!

எனவே, 'செயப்பாட்டுவினை ஒழிக' என்று கொடி பிடிக்க நாம் வரவில்லை. 1865 இல் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று எழுதும்போது, லிங்கன் முதலில் நிற்பதே முறை. கொன்றவன் பின்னால் வரட்டும். அடிபட்டவரை முன்னிறுத்த அந்த இலக்கணம் உதவுகிறது. அது அதன் சிறப்பு. பாலத்தைக் கட்டிய ஆயிரம் கைகளின் பெயர் தெரியாதபோது 'பாலம் 1914 இல் திறக்கப்பட்டது' என்று எழுதுவதில் பாவம் ஒன்றுமில்லை. நாம் கேட்பது ஒன்றே: செய்தவர் யார் என்று எழுதுகிறவருக்குத் தெரியுமா? தெரிந்தும் அதை வாசகரிடமிருந்து மறைத்தாரா?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டால், செய்வினைக்குள் ஒளிந்திருப்போரும் அகப்படுவர். இன்றைய கணிப்பொறிகள் செயப்பாட்டுவினையைக் கண்டால் அடியில் கோடு கிழித்து எச்சரிக்கின்றன. 'துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், கோடே விழாது! 'நிகழ்ந்தது' செய்வினைதானே! துப்பாக்கி உண்டு, சூடு உண்டு, செத்தவன் உண்டு, சுட்டவன் இல்லை. நம் இலக்கணம் கற்றோருக்கு இது புதிதன்று. செயப்படும் பொருளையே செய்ததுபோலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியர் குறித்துச் சென்றார். 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொண்டதாம்! சாணம் கரைத்து, குனிந்து, இடுப்பொடிய மெழுகிய பெண் எங்கே? இலக்கணத்தில் இல்லை. மெழுகியவளின் உழைப்பை மறைக்கவும் அந்த வாக்கியம் போதும். சுட்டவனின் குற்றத்தை மறைக்கவும் அந்த வாக்கியம் போதும்.

1919 ஏப்ரல் 13. அமிர்தசரசு நகரில் ஜாலியன்வாலா பாக். ஜெனரல் டயர் தன் படையை நிறுத்தி, எச்சரிக்கையின்றிச் சுடச் சொன்னான். 1,650 குண்டுகள் பாய்ந்தன. துரைத்தனத்தார் ஒப்புக்கொண்ட பிணக்கணக்கே 379. பின்னர் ஹண்டர் குழுவின் முன் நின்றபோது, சுட்டது நான்தான் என்று அவன் தயங்காமல் சொன்னான்; வருந்தவுமில்லை. கொடியவன், ஆனால் தன்மை ஒருமையில் பேசிய கொடியவன்! சரியாக நூறாண்டு சென்று, 2019 ஏப்ரலில், பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே பாராளுமன்றத்தில் எழுந்தார். 'நடந்ததற்கும்' 'விளைந்த துன்பத்துக்கும்' ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. நடத்தியவர் யார் என்ற சொல்லும் வரவில்லை. கொலைகாரன் 'நான்' என்றான். நூறாண்டு நாகரிகத்துக்குப் பிறகு வந்த வாரிசு 'நடந்தது' என்கிறார்! இந்த முன்னேற்றத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

இனி, போபால். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், தோழர்களே. ஏனெனில் ஆங்கில இலக்கணத்தின் இரண்டு முகங்களும் ஒரே இடத்தில் தெரிவது இங்கேதான்.

1984 டிசம்பர் 2 ஆம் நாள் இரவு, யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சுக்காற்று உறங்கிக்கொண்டிருந்த குடிசைகளின்மேல் கவிந்தது. அரசு ஏற்றுக்கொண்ட சாவுக் கணக்கு 3,787. உண்மைக் கணக்கு அதனினும் மிகுதி என்று போபால் மக்கள் இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஏடுகளைப் புரட்டுங்கள். 'வாயு கசிந்தது.' வாயுவுக்கே அந்த விருப்பம் வந்துவிட்டதுபோல! தொட்டியைக் குளிரூட்டும் பொறி 'நிறுத்தப்பட்டிருந்தது'. வெளிப்படும் வாயுவை எரித்துப்போக்கும் கோபுரம் பழுதுக்காக 'இணைப்பு நீக்கப்பட்டிருந்தது'. நிறுத்தச் சொன்னவர் யார்? பழுது முடியும்வரை தொட்டியை நிறைத்து வைக்கலாம் என்று முடிவு கட்டியவர் யார்? அவர்கள் ஊர் பேரில்லாதவர்களா? சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தது. வாக்கியத்தில் மட்டும் இல்லை.

ஆனால் கேளுங்கள். அதே நிறுவனம், சில ஆண்டுகள் சென்றபின், ஆய்வாளரை அமர்த்தி ஒரு விளக்கம் சொன்னது. மனக்கசப்புக் கொண்ட ஒரு தொழிலாளி, வேண்டுமென்றே தொட்டிக்குள் தண்ணீரைச் செலுத்தினான் என்பது அந்த விளக்கம். தொழிலாளர்கள் அதை மறுத்தார்கள். மறுத்தது ஒருபுறம் இருக்கட்டும்; இலக்கணத்தைப் பாருங்கள்! தொழிலாளி என்று வந்ததும் ஆங்கிலத்துக்கு எழுவாய் கிடைத்துவிட்டது! வினைமுதல் வந்துவிட்டான்! 'வேண்டுமென்றே' என்று உள்ளக்கருத்து வரை வந்துவிட்டது! குளிர்ப்பொறியை நிறுத்தியவனுக்கு இல்லாத மனம், தண்ணீர்க் குழாயருகே நின்றவனுக்கு எப்படி முளைத்தது?

இதுவே நாம் சொல்ல வந்தது. செயப்பாட்டுவினை என்பது ஆட்சியிலும் ஆலையிலும் மேலே அமர்ந்திருப்போர்க்கு வழங்கப்பெற்ற குடை. கீழே நிற்பவன் வெயிலில் நிற்க வேண்டும், அவனுக்குச் செய்வினை. மேலோர் செய்தால் 'நிகழ்கிறது'. கீழோர்மீது பழி விழுந்தால் 'செய்தான்' என்கிறது. 2010 ஜூனில் நீதிமன்றம் இந்திய அலுவலர் 7 பேருக்கு 2 ஆண்டுச் சிறை விதித்தது. அமெரிக்கத் தலைமையில் இருந்த வாரன் ஆண்டர்சன் ஒரு நாளும் விசாரணைக் கூண்டில் ஏறாமலே 2014 இல் மறைந்தார்.

நாம் மிகைப்படுத்துவதாக ஐயுறுவோர் சட்டப் புத்தகத்தைத் திறக்கட்டும். மெக்காலே தலைமையில் வரையத் தொடங்கி 1860 இல் வெள்ளையர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம் எப்படிப் பேசியது? 'ஹூஎவர்' — 'எவனொருவன்' — என்று பிரிவுக்குப் பிரிவு முழங்கியது. எவனொருவன் திருடுகிறானோ, எவனொருவன் காயப்படுத்துகிறானோ, எவனொருவன் கூட்டம் சேர்க்கிறானோ, அவன் தண்டிக்கப்படுவான்! அங்கே மங்கலில்லை, மழுப்பலில்லை. குடிமகன் குற்றம் செய்தால் ஆங்கிலத்துக்கு எழுவாய் எடுக்கத் தெரியும் என்பதற்கு அந்தச் சட்டம் சான்று. 2024 ஜூலை முதல் நாள் அதன் இடத்தில் வேறு சட்டம் வந்தது, 'எவனொருவன்' போகவில்லை.

நம் அரசியல் சட்டத்தையும் பாருங்கள். 'நாம், இந்திய மக்கள்' என்று அதன் முகப்பு தொடங்குகிறது. வினைமுதல் வாசலிலேயே நிற்கிறார்; அது பெருமை. உள்ளே 17 ஆவது பிரிவு, தீண்டாமை ஒழிக்கப்பட்டது, அதை எந்த வடிவில் கைக்கொள்வதும் தடைசெய்யப்படுகிறது என்று அறிவிக்கிறது. ஒழித்தவர் யார் என்பது தெரியும், முகப்பிலேயே தெரியும். கைக்கொள்பவர் யார்? அந்த வாக்கியத்தில் அவர் இல்லை. தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்தவர், கிணற்றடியில் தடுத்தவர், கோயில் வாயிலில் குறுக்கே நின்றவர், எல்லோரும் அந்த வாக்கியத்துக்கு வெளியே நின்று கைதட்டலாம். 1955 இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதில் 'எவனொருவன்' வந்தான். எவனொருவன் கோயிலுக்குள் நுழைய விடாமல் தடுக்கிறானோ, எவனொருவன் கடைக்குள் வர விடாமல் மறுக்கிறானோ, அவனுக்குத் தண்டனை! ஐந்தாண்டு காத்திருந்து பெற்றது ஒரு எழுவாயை! அந்தச் சட்டம் எவ்வளவு பேரைக் கூண்டில் ஏற்றிற்று என்பது வேறு வழக்கு. ஆனால், எழுவாய் இல்லாத வாக்கியத்தைக் கொண்டு எந்தப் போலீசுக்காரனும் எவனையும் பிடிக்க முடியாது.

அறிவியலார் செயப்பாட்டுவினையில்தானே எழுதுகின்றனர், அது நடுநிலையின் அடையாளம் அன்றோ என்று ஒரு கேள்வி வரும். நீர் கொதிக்க வைக்கப்பட்டது என்று ஒருவர் எழுதினால் நாம் சண்டைக்குப் போகமாட்டோம். யார் வைத்தாலும் நீர் கொதிக்கும். ஆனால் வாட்சனும் கிரிக்கும் 1953 இல் மரபணுப் பொருளின் வடிவத்தை உலகுக்குச் சொன்ன கட்டுரையை 'நாங்கள்' என்றுதான் தொடங்கினார்கள். உண்மை கெட்டுவிடவில்லை.

அறிவியல் பற்றிப் பேச்செடுத்தபின் ஒன்று சொல்லாமல் போக முடியாது. அமெரிக்க உளவியலார் நான்சி ஹென்லியும் அவருடன் உழைத்தோரும் 1995 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெண்கள்மீது நடந்த வன்கொடுமைச் செய்திகளைச் செய்வினையிலும் செயப்பாட்டுவினையிலும் எழுதிப் படிக்கக் கொடுத்தனர். செயப்பாட்டுவினையில் படித்த ஆண்கள், பெண்ணுக்கு நேர்ந்த தீங்கையும் குறைத்து மதிப்பிட்டனர், கொடியவனின் பொறுப்பையும் குறைத்து மதிப்பிட்டனர். இலக்கணம் வெறும் இலக்கணந்தானே என்று தொடக்கத்தில் கேட்டவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

கடைசியாக, நம் கைக்கே வந்து சேரும் ஆங்கிலத்துக்கு வருவோம். மைய அரசின் அலுவலகத்துக்கு ஒரு மனுப் போடுகிறீர்கள். மறுமொழி வருகிறது. தொடக்கமே 'ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட்'! 'தெரிவிக்குமாறு நான் பணிக்கப்பட்டுள்ளேன்.' பணித்தவர் யார்? தெரியாது. உங்கள் கோரிக்கை 'பரிசீலிக்கப்பட்டது'. யார் பரிசீலித்தார்? தெரியாது. அதை ஏற்பதற்கில்லை என்று 'முடிவு செய்யப்பட்டுள்ளது'. எவருடைய முடிவு? தெரியாது. ஈற்றில், இதற்காக 'வருந்தப்படுகிறது'! வருந்துவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை, தோழர்களே! கண்ணீர் இருக்கிறது, கண் இல்லை!

வெள்ளையன் விட்டுச்சென்ற வாசகம் இது. அவன் மூட்டை கட்டியபோது இதை மட்டும் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனான். நம்மவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அரசின் ஆட்சிச் செயல்கள் யாவும் மையத்தில் குடியரசுத் தலைவர் பெயராலும் மாநிலத்தில் ஆளுநர் பெயராலும் வெளிப்பட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 77, 166 ஆம் பிரிவுகள் கூறுகின்றன என்பது உண்மை. அரசு ஒரு தனி மனிதனின் சொத்து அன்று என்று காட்ட அந்த முறை வேண்டியதுதான். ஆனால் வெளியே போகும் தாளில் ஆள் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் கோப்பில் ஆள் உண்டு. எழுத்தர் குறிப்பு எழுதுகிறார், மேலவர் 'ஒப்புகிறேன்' அல்லது 'வேண்டாம்' என்கிறார், பெயர்ச் சுருக்கம் போடுகிறார், நாள் இடுகிறார். கோப்பில் செய்வினை, கடிதத்தில் செயப்பாட்டுவினை! உண்மை முழுதும் உள்ளே, உறை மட்டும் வெளியே.

அந்தக் கோப்புக்கு இப்போது ஒரு திறவுகோல் இருக்கிறது. 2005 இன் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி, கோப்பிலுள்ள குறிப்புகளின் படியைக் குடிமக்கள் கேட்கலாம். முடிவினால் பாதிக்கப்பட்டவருக்கு அம்முடிவின் காரணத்தைத் தருவது அலுவலகத்தின் கடமை என்று அதன் 4 ஆம் பிரிவே சொல்கிறது. படிப்பகங்களில் மாலை வேளையில் கூடும் இளைஞர்கள், ஊராருக்கு வந்த இப்படிப்பட்ட கடிதங்களை எடுத்துக்கொண்டு உட்காரட்டும். ஒவ்வொரு 'பட்டது'வின் அடியிலும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'யாரால்?' என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்விகளை வரிசையாக எழுதி, பரிசீலித்த அலுவலரின் பெயரும் பதவியும் என்ன, அவர் எழுதிய குறிப்பு என்ன, எந்த நாளில் எழுதினார் என்று கேட்டு, 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பட்டும். மறுமொழி தர அவருக்கு 30 நாள் உண்டு.